செம்மண்ணின் சேமிப்பு



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கருநாடக மாநிலத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். முற்காலத்தில் மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே கிடந்த எல்லை, இன்று இரு மாநிலங்களின் எல்லையாக விளங்குகின்றது. ஆயினும் மண் அந்த எல்லையை அறியாது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் பரந்து கிடப்பது ஒரே செம்மண். அதில் விளைவதும் ஒரே கேழ்வரகு. வரப்புகளில் நிற்பனவும் ஒரே புங்கமரங்களே.

ஊர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் பட்டயங்களிலும் தேடுகின்றோம். மன்னர் பெயர்களும் போர்களும் கொடைகளும் அவற்றில் கிடைக்கின்றன. ஆனால் அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் எதைப் பயிரிட்டனர், எதை வெட்டினர், எதைத் திருப்பித் தந்தனர் என்னும் வரலாறு மண்ணுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதும் மை கரிமம் என்னும் பொருள். நாம் கார்பன் என்று வழங்குவதும் அதுவே. ஆண்டுதோறும் விதைத்து அறுக்கும் பயிர்களுக்கும், ஒரு முறை நட்டால் பல்லாண்டுகள் நிற்கும் பயிர்களுக்கும் இந்தக் கரிமச் சேமிப்பில் உள்ள வேறுபாடு என்ன? அதை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான்? அந்த அறிவு அத்திபெலே போன்ற ஊருக்கு என்ன சொல்கின்றது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் கரிமம் மண்ணுக்கு எவ்வாறு வந்து சேருகின்றது என்பதைக் காண்போம். செடியின் இலை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் அதைச் சர்க்கரையாக்குகின்றது. அச்சர்க்கரையின் ஒரு பகுதி தண்டாகவும் தானியமாகவும் ஆகின்றது. மற்றொரு பகுதி வேருக்கு இறங்குகின்றது. வேர் வளரும்போதே சிறிது சிறிதாகச் சாற்றை மண்ணில் கசியவிடுகின்றது. மெல்லிய வேரிழைகள் ஓயாது தோன்றி ஓயாது மடிகின்றன. இவற்றையும் உதிர்ந்த சருகுகளையும் மண்புழுவும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் தின்று செரிக்கின்றன. பெரும்பகுதி மீண்டும் கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். எஞ்சிய சிறுபகுதி மட்காகி, களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு தங்கும். அதுவே மண்ணின் சேமிப்பு.

இச்சேமிப்பு உலக அளவில் எவ்வளவு பெரிதென்று கேட்டால் வியப்பு உண்டாகும். நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழம் வரையுள்ள மண்ணில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கரிமம் மட்கின் உருவில் இருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். வானவெளியில் கரியமில வாயுவாக உலவும் கரிமத்தைவிட இது மிகுதி. உலகின் மரஞ்செடிகொடிகள் அனைத்திலும் அடங்கிய கரிமத்தைவிடவும் மிகுதியே. காலடியில் கிடக்கும் மண்ணே நிலத்தின் மிகப் பெரிய கரிமக் களஞ்சியம்.

இனி ஓர் உழவரின் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண், ஆறு அங்குல ஆழத்திற்கு, ஏறத்தாழ 900 டன் எடையுள்ளது. நம் நாட்டு மண்பரிசோதனை நிலையங்கள் நூற்றுக்கு 0.5 பங்குக்குக் குறைவாகக் கரிமம் உள்ள மண்ணைக் குறைவளம் என்று வகுக்கின்றன. 0.75 பங்குக்கு மேற்பட்டால் மிகுவளம். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி நூற்றில் கால் பங்கே. ஆனால் அந்தக் கால் பங்கு, ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டேகால் டன் கரிமம். மழைநீரை மண் எவ்வளவு உறிஞ்சும், உரத்தை எவ்வளவு பிடித்துவைக்கும், கோடையில் பயிர் எத்தனை நாள் வாடாமல் நிற்கும் என்பன எல்லாம் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கைப் பொறுத்தவை. வானத்தையே நம்பிய செம்மண் உழவுக்கு அது வெறும் எண்ணன்று, உயிர்நாடி எனலாம்.

ஆண்டுப் பயிருக்கும் பல்லாண்டுப் பயிருக்கும் வேறுபாடு இங்கேதான் தோன்றுகின்றது. கேழ்வரகு நான்கு திங்கள் நிலத்தில் நிற்கும். அறுவடையோடு அதன் வேரும் மடியும். பிறகு நிலம் பல மாதம் வெற்றுடம்போடு வெயிலில் கிடக்கும். அடுத்த மழைக்கு ஏர் பூட்டும்போது மண்கட்டி உடைகின்றது. கட்டிக்குள் காப்பாக இருந்த மட்கு, காற்றுக்கும் நுண்ணுயிருக்கும் இரையாகின்றது. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இந்தச் செரிமானம் விரைவாகவே நடக்கும். மாமரமோ, தென்னையோ, முசுக்கொட்டையோ, நிலைத்து வாழும் புல்லோ அப்படியன்று. அவற்றின் வேர் ஆண்டு முழுதும் உழைக்கின்றது, ஆழத்திற்கும் இறங்குகின்றது. மண்ணை ஆண்டுதோறும் புரட்டவேண்டிய தேவை இல்லை. சருகு போர்வையாகக் கிடக்கின்றது. வரவு மிகுதி, செலவு குறைவு. எனவே சேமிப்பு வளர வழி உண்டாகின்றது.

இதைப் பழைய உழவர் அனுபவத்தால் ஓரளவு அறிந்திருந்தனர். காட்டைத் திருத்திய புதுநிலம் முதற்சில ஆண்டுகள் நன்கு விளைவதும், பின்னர் சோர்வதும் எல்லாரும் கண்டவை. ஆனால் அதை அளந்து நிறுவுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பொறுமை வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஜான் பென்னெட் லாஸ் என்பவரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்பவரும் 1843-இல் ஒரு வயலில் கோதுமை விதைத்து உர ஆராய்ச்சியைத் தொடங்கினர். பிராட்பாக் என்னும் பெயருடைய அவ்வயலில் அந்த ஆராய்ச்சி இன்றும் தொடர்கின்றது. 1882-இல் அவ்வயலின் ஒரு கோடியில் ஏறத்தாழ அரை ஏக்கர் கோதுமையை அறுக்காமல் விட்டுவிட்டனர். அந்தத் துண்டு நிலத்தை அதன்பின் எவரும் உழவில்லை. சில ஆண்டுகளில் கோதுமை மறைந்தது. களை வந்தது, புதர் வந்தது, இறுதியில் மரங்கள் ஓங்கிச் சிறு காடே உருவாயிற்று. பக்கத்து வயலின் மண்ணையும் இக்காட்டின் மண்ணையும் ஒப்பிட்டு நோக்கிய அறிஞர்கள், நூறாண்டுக் காலத்தில் காட்டு மண்ணின் கரிமம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருக்கக் கண்டனர். மனிதன் செய்ததெல்லாம் ஏரை நிறுத்தியதே. எஞ்சிய வேலையை வேர்களே செய்துவிட்டன.

அமெரிக்கா இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அந்நாட்டின் நடுப்பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பல்லாண்டுப் புல்வெளிகள் இருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்புல்லின் வேர்கள் சேர்த்த மட்கினால் அம்மண் வளமுற்றிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்புல்வெளிகளைக் கிழித்துக் கோதுமை விதைத்தனர். 1930-களில் தொடர்ந்து மழை பொய்த்தபோது, பிடித்துவைக்கும் வேர் இல்லாத மண் புழுதியாக எழுந்து வானத்தை மறைத்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 1935-இல் அந்நாட்டு அரசு மண்காப்புக்கென்றே ஒரு துறையை நிறுவியது. பன்னெடுங்காலம் சேர்த்ததை ஒரு தலைமுறைக்குள் இழக்கலாம் என்பது அந்தப் புழுதி கற்பித்த பாடம்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி பிந்தித் தொடங்கவில்லை. 1889-ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் வேளாண் வேதியியல் அறிஞர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றி, 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவர் அறிவில்லாதவர் என்று அக்காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். வோல்க்கர் அக்கருத்தை மறுத்தார். உழவரின் குறை அறியாமையன்று, எருக் குறைவே என்று எடுத்துரைத்தார். விறகு கிடைக்காமையால் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகின்றது. நிலத்துக்கு வரவேண்டிய செல்வம் புகையாகின்றது. எனவே ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் மரக்காப்புகள் வளர்க்கவேண்டும் என்பது அவர் கூறிய மருந்து. பல்லாண்டு நிற்கும் மரம், ஆண்டுப் பயிர் விளையும் வயலையும் மறைமுகமாகக் காக்கும் என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது.

கான்பூரில் 1885-இலும் கோயம்புத்தூரில் 1909-இலும் நிலையான உர ஆராய்ச்சி வயல்கள் அமைந்தன. கோவை வேளாண் கல்லூரியில் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் 1971-இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடர்ந்தது. பல்லாண்டுகள் கழித்து அவ்வயலை ஆராய்ந்தபோது, தொழுவுரம் இட்ட பகுதியிலேயே கரிமம் மேலோங்கி நின்றது. மைசூர் அரசில், மகாராணி கெம்ப நஞ்சம்மண்ணி வாணிவிலாச சன்னிதானம் அளித்த 30 ஏக்கர் நிலத்தில், 1899-இல் பெங்களூருக்கு வடக்கே ஹெப்பாளில் டாக்டர் லேமன் மண், பயிர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே 1913-இல் வேளாண் பள்ளியும் தோன்றியது. அவ்வழியில் வந்ததே 1964-இல் உருவான பெங்களூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம்.

அப்பல்கலைக்கழகத்தின் செம்மண் வயலில் 1978 முதல் கேழ்வரகையும் நிலக்கடலையையும் மானாவாரியாகப் பயிரிட்டு நீண்டகால ஆராய்ச்சி நடத்தினர். ஒரு பாத்திக்கு எதுவும் இடவில்லை. ஒன்றுக்கு இரசாயன உரம் மட்டும் இட்டனர். வேறொன்றுக்கு ஹெக்டேருக்குப் பத்து டன் தொழுவுரம், மற்றொன்றுக்கு இரண்டும். ஒன்றும் இடாத பாத்தி ஆண்டுக்காண்டு நலிந்தது. தொழுவுரம் பெற்ற பாத்திகளில் கரிமம் நிலைத்தது, விளைச்சலும் நிலைத்தது. அத்திபெலே மண்ணுக்கு நெருங்கிய உறவான மண்ணில் கிடைத்த சான்று இது. ஆண்டுப் பயிரின் மண்ணையும் காக்க முடியும், ஆனால் திருப்பித் தராமல் காக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இனி அத்திபெலே வட்டாரத்தின் பழைய வாழ்க்கையை இந்த அறிவோடு நோக்குவோம். மேட்டில் கேழ்வரகு, அதனூடே அவரையும் துவரையும், பின்மழைக்குக் கொள்ளு, ஏரியின் கீழ் நெல். இவை யாவும் ஆண்டுப் பயிர்களே. ஆனால் அவற்றைச் சூழ்ந்து பல்லாண்டு நிற்பவையும் இருந்தன. ஊருக்கொரு பொதுத்தோப்பு இருந்தது. கன்னடத்தில் அதைக் குண்டுதோப்பு என்பர். மாவும் புளியும் நாவலும் புங்கமும் அதில் ஓங்கி நின்றன. வரப்பில் நின்ற புங்கத்தின் தழை வயலுக்கு உரமாயிற்று. ஏரி வற்றிய கோடையில் வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி மேட்டு வயலில் கொட்டினர். மழை அடித்துச் சென்ற மட்கு இவ்வாறு தாய்நிலத்துக்கே திரும்பியது. மேய்ச்சல் நிலத்துப் புல்லை மாடு தின்றது. மாட்டின் சாணம் கேழ்வரகு நிலத்துக்கு வந்தது. ஆண்டுப் பயிர் செலவழித்ததைப் பல்லாண்டுத் தாவரம் ஈடுசெய்தது. ஒன்றுக்கொன்று துணையான அமைப்பு அது.

புதிய பல்லாண்டுப் பயிர்களும் காலந்தோறும் வந்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் பட்டுத்தொழிலைப் புகுத்தியபோது முசுக்கொட்டைத் தோட்டங்கள் பரவின. அதே காலத்தில் நந்திமலையில் அவர் தோட்டத்தில் தைலமரம் எனப்படும் யூகலிப்டஸ் நடப்பட்டது. ஏறத்தாழ 1790-ஆம் ஆண்டைக் குறிப்பர். எல்லைக்கு அப்பால் ஓசூரில் 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கால்நடைப் பண்ணை அமைத்தனர். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாந்தோப்புகள் பெருகின. அங்கே பெயர் பெற்ற மாங்கனி வகைக்குப் பெங்களூரா என்றே பெயர். பெங்களூரைச் சுற்றிப் பெங்களூர் நீலம் என்னும் திராட்சைக் கொடியும் படர்ந்தது.

பல்லாண்டுப் பயிர் என்ற பெயர் ஒன்றே போதுமா? போதாது என்பதை முசுக்கொட்டையும் தைலமரமும் காட்டுகின்றன. முசுக்கொட்டைச் செடி பல்லாண்டு நிற்கும். ஆனால் அதன் இலை முழுவதும் புழுவுக்கு உணவாகப் பறிக்கப்படுகின்றது. மண்ணில் விழவேண்டிய சருகு விழுவதில்லை. பட்டுப்புழுவின் எச்சமும் மிஞ்சிய தழையும் தொழுவுரத்தோடு தோட்டத்துக்கே திரும்பினால்தான் மண் தாங்கும்.

தைலமரத்தின் கதை இன்னும் கூர்மையானது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெங்களூர், கோலார் மாவட்டங்களில் கேழ்வரகு நிலங்கள் பல தைலமரத் தோப்புகளாயின. உழவுக்கூலி இல்லை, காவல் வேண்டா, ஆலைக்கும் கட்டடத்துக்கும் கழி விலைபோயிற்று. 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் இப்போக்கை மேலும் வளர்த்தது. உணவுப் பயிரின் நிலம் சுருங்குகின்றது, நிலத்தடி நீர் வற்றுகின்றது என்று உழவர் இயக்கங்கள் எதிர்த்தன. பெங்களூருக்குக் கிழக்கே ஒசகோட்டையில் நடந்த நீராய்வில், தைலமரத் தோப்பு ஆண்டு மழையைவிட மிகுதியான நீரைச் செலவிடுவதையும், ஆழத்து ஈரத்தை வேர்கள் உறிஞ்சுவதையும் கண்டனர். 2017-இல் கருநாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

கரிமக் கணக்கில் இத்தோப்புகளின் நிலை என்ன? மரத்தில் கரிமம் சேர்ந்தது உண்மை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரம் வெட்டப்பட்டு வெளியே போயிற்று. சருகையும் ஏழை மக்கள் அடுப்புக்குக் கூட்டிச் சென்றனர். நிழலிலே புல் வளரவில்லை. ஆகவே மாடும் இல்லை, சாணமும் இல்லை. வேர் விட்டுச்சென்றது மட்டுமே மண்ணுக்கு மிச்சம். மேலே பச்சையாகத் தோன்றுவதெல்லாம் கீழே சேமிப்பாகிவிடாது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு நம் கொங்கு நாட்டில் உண்டு. திருப்பூர், கரூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களை உழவர் பரம்பரையாகப் பேணி வருகின்றனர். கொழுக்கட்டைப் புல் அதன் முதற்பயிர். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. வேலியிட்ட பட்டிகளில் மாறி மாறிக் கால்நடைகளை மேயவிடுவர். காங்கேயம் காளைகளின் உறுதிக்கு இந்நிலமே தாய். கொழுக்கட்டைப் புல் ஒரு முறை வேர்கொண்டால் பல்லாண்டு நிற்கும். கோடையில் காய்ந்து மழையில் தழைக்கும். ஏர் அரிதாகவே படும். மாட்டின் சாணம் அங்கேயே விழும். புல், மரம், வேலி, விலங்கு என நான்கும் சேர்ந்து மண்ணை மூடிக் காக்கின்றன. மழை குறைந்த நாட்டில் பல்லாண்டுத் தாவரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு இது முன்னோர் தந்த பாடநூல்.

அண்மைக்கால அறிஞர்கள் உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் திரட்டி ஒப்பிட்டிருக்கின்றனர். 2002-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த குவோ, கிஃபர்டு என்பாரின் தொகுப்பு, மேய்ச்சல் புல்நிலத்தை உழுது பயிர்நிலமாக்கினால் மண்கரிமத்தில் சராசரியாக நூற்றுக்கு 59 பங்கு குறைகின்றது என்று காட்டியது. இயற்கைக் காட்டைப் பயிர்நிலமாக்கினால் 42 பங்கு குறைகின்றது. பயிர்நிலத்தில் மரத்தோட்டம் அமைத்தால் 18 பங்கு கூடுகின்றது. இழப்பும் ஈட்டமும் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2020-இல் வெளிவந்த மற்றொரு பெருந்தொகுப்பு, பல்லாண்டுப் பயிர்களையே தனியாக எடுத்து ஆராய்ந்தது. ஆண்டுப் பயிர் விளைந்த நிலத்தில் பல்லாண்டுப் பயிரை நட்டால், இருபது ஆண்டுகளில் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணில் கரிமம் சராசரியாக நூற்றுக்கு 20 பங்கு பெருகுகின்றது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஆறு டன். இடத்துக்கு இடம் இதில் ஏற்றத்தாழ்வு மிகுதி. ஆனால் இயற்கையான புல்நிலத்தைக் கிளறி அதே பயிரை நட்டால் ஈட்டம் இல்லை. ஒரு மீட்டர் ஆழம் வரை பார்க்கும்போது பத்துப் பங்கு இழப்பே நேர்கின்றது. எனவே எதை நடுகின்றோம் என்பது பாதிக் கேள்விதான். அங்கே முன்பு என்ன இருந்தது என்பது மற்றப் பாதி. களைத்த கேழ்வரகு நிலத்தில் மாவை நடுவது மண்ணுக்கு வரவு. ஊர் மேய்ச்சலை அழித்து மாவை நடுவது வரவன்று.

இந்த ஆறு டன்னை நெடுஞ்சாலையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஹெக்டேருக்கு ஆறு டன் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 2.4 டன் கரிமம். கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் ஒன்பது டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவில் கரியமில வாயு உண்டாகின்றது. ஆகவே ஓர் ஏக்கர் தோப்பின் மண் இருபது ஆண்டுகளில் சேர்ப்பது, ஏறத்தாழ 3,300 லிட்டர் டீசலின் புகைக்கு ஈடு. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் லாரி அதைக் கொண்டு 13,000 கிலோமீட்டர் செல்லும். அத்திபெலே எல்லையைக் கடந்து ஓடும் லாரி ஒன்றுக்கு அது சில மாத ஓட்டமே. மரத்தில் சேரும் கரிமம் தனி. எனினும், தோப்பு வைத்துவிட்டால் புகைக்கெல்லாம் பரிகாரம் ஆகிவிட்டது என்று எவரேனும் கூறினால், இக்கணக்கை நினைவிற்கொள்ளுதல் நன்று.

அப்படியானால் இச்சேமிப்பு அற்பமா? அன்று. வானத்தின் கணக்கில் சிறிதாகத் தோன்றும் அதே 2.4 டன், வயலின் கணக்கில் பெரிது. முன்னே சொன்ன குறைவள மண்ணுக்கும் மிகுவள மண்ணுக்கும் உள்ள இடைவெளியை ஒட்டிய அளவு அது. அம்மண்ணில் ஒரு மழை தவறினாலும் பயிர் தாங்கும். உரச்செலவு குறையும். கிணற்றுக்கு நீர் இறங்கும். பல்லாண்டுப் பயிரின் முதல் நன்மையை அந்த நிலத்தை உழும் குடும்பமே பெறுகின்றது. உலகம் பெறுவது அதற்குப் பின்.

உணவுக்கு ஆண்டுப் பயிரை விட்டால் வழி உண்டா என்று வினவலாம். தானியத்தையே பல்லாண்டுப் பயிராக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1976-இல் வெஸ் ஜாக்சன் என்பவரும் அவர் துணைவியாரும் நிறுவிய நில ஆராய்ச்சிக் கழகம், பல்லாண்டுப் புல்லொன்றைக் கோதுமை போன்ற தானியமாகப் பண்படுத்தி வருகின்றது. சீனாவின் யுன்னான் பல்கலைக்கழகத்தார், பயிர் நெல்லை ஆப்பிரிக்கக் காட்டு நெல்லோடு கலந்து, ஒரு முறை நட்டு நான்கு ஆண்டுகளில் எட்டு முறை அறுக்கும் நெல்லை உருவாக்கினர். 2018-இல் அது உழவருக்கு வழங்கப்பட்டது. கரும்பில் மறுதாம்பு விடுவதை நம் உழவர் அறிவர். அதையே நெல்லில் நீட்டித்ததாக இதைக் கருதலாம். ஆயினும் கேழ்வரகு இன்னும் ஆண்டுப் பயிரே. அதன் களியை உண்டு வாழும் நாட்டில், அதை ஒழித்துத் தோப்பு வைப்பது அறிவுடைமை ஆகாது. கேழ்வரகுக்குத் தொழுவுரமும், வரப்புக்குப் புங்கமும், மாந்தோப்பின் அடியில் நிலைத்து நிற்கும் தீவனப்புல்லும், பொதுநிலத்துக்குப் பழைய தோப்பும் என்று பங்கிட்டு வாழ்வதே இம்மண்ணுக்கு ஏற்ற நெறி.

இன்று அத்திபெலேயின் சிக்கல் ஆண்டுப் பயிரா, பல்லாண்டுப் பயிரா என்பதோடு நிற்கவில்லை. 1970-களின் இறுதியில் ஓசூர்ச் சாலையில் மின்னணு நகரம் தோன்றியது முதல், தொழிற்பேட்டைகளும் கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் தெற்கு நோக்கி வளர்ந்து வந்துள்ளன. வேலையும் வருவாயும் மக்களுக்கு வேண்டும். அதை மறுப்பார் இல்லை. ஆனால் ஒரு மனைப்பிரிவுக்காக நிலத்தைச் சமன்செய்யும் எந்திரம், முதலில் வழித்தெடுப்பது அந்த ஆறு அங்குல மேல்மண்ணையே. தோப்பும் வண்டலும் தொழுவுரமும் தலைமுறைகளாகச் சேர்த்த கரிமம் ஒரே பகலில் கலைந்துபோகின்றது. ராதம்ஸ்டெட்டின் காடு அதைச் சேர்க்க நூறாண்டு எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் புழுதி அதை இழக்க ஒரு தலைமுறை எடுத்துக்கொண்டது. எந்திரத்துக்கு ஒரு நாள் போதும்.

ஆகவே இவ்வரலாறு நமக்குக் காட்டும் முறை வரிசை ஒன்று உண்டு. முதலாவது, நிற்பதைக் காத்தல். எஞ்சியுள்ள பொதுத்தோப்பும் ஏரிக்கரையும் மேய்ச்சல் நிலமும், புதிதாக நடும் எந்த மரக்கன்றையும்விட மதிப்புடையவை. இரண்டாவது, களைத்த நிலத்துக்குப் பல்லாண்டு வேரைத் தருதல். தந்தபின் சருகையும் சாணத்தையும் அந்நிலத்துக்கே விடுதல். மூன்றாவது, கட்டடம் எழும் இடத்திலும் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, வயலுக்கோ தோட்டத்துக்கோ கொடுத்துவிடுதல். நான்காவது, அளந்து பார்த்தல். மண்பரிசோதனை நிலையத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கரிமத்தை அளந்து குறித்துவைத்தால், ஒவ்வோர் உழவரும் தம் நிலத்தின் வரலாற்றைத் தாமே எழுதுபவராவார்.

பாட்டன் நட்ட மரத்தின் கனியைப் பேரன் உண்பான் என்பர். கனி கண்ணுக்குத் தெரியும். அம்மரத்தின் வேர் ஆண்டுதோறும் ஓசையின்றி மண்ணில் வைத்துச்சென்ற கரிமம் கண்ணுக்குத் தெரியாது. மரம் பட்டுப்போன பின்னும், ஏர் கவனமாக நடந்தால், அச்சேமிப்பில் ஒரு பகுதி அடுத்த பயிருக்குக் கைகொடுக்கும். அத்திபெலேயின் செம்மண்ணில் அத்தகைய சேமிப்பு இன்னும் சிறிது எஞ்சியிருக்கிறது. அதைக் கரைப்பதும் வளர்ப்பதும் இத்தலைமுறையின் கையில் உள்ளன.